பதினாறு டம்ளருக்கு ஒரு டம்ளர்

சத்தியவேடு,
சார்வரி வருஷம் ஆனி மாதம் 20ந்தேதி.

அந்தமானில் இருக்கும் சிரஞ்சீவி வேதாச்சலத்துக்கு உன் நைனா கன்னையா மனமார ஆசீர்வாதம் செய்து எழுதச் சொல்லும் கடிதம். எழுதுகிறவள் உன் தங்கை தாட்சாயணி. நான் வாய்க்கு வந்தபடி சொல்கிறேன், அவள் படித்தவர்கள் எழுதுகிற மாதிரி ஒழுங்குபடுத்தி எழுதுகிறாள், ஆனால் அர்த்தம் ஓர் இழைகூட மாறக்கூடாது என்று சொல்லியிருக்கிறேன். இங்கே மூன்று பேருக்கும் உடம்புக்கு ஒன்றுமில்லை, உனக்கும் அந்தத் தீவில் காய்ச்சல் கீய்ச்சல் அண்டாமல் இருக்க வேதநாராயண சாமியைக் கும்பிட்டுக்கொள்கிறோம். உன் அம்மாவுக்கு மட்டும் முழங்கால் வலி, கிணற்றடிக்குப் போகாதே என்றால் கேட்பதில்லை. மழை இன்னும் இறங்கவில்லை, மல்லாட்டை விதைக்க நிலத்தை உழுது போட்டுவிட்டு வானத்தைப் பார்த்துக்கொண்டிருக்கிறோம். ஏப்ரல் மாதத்திலிருந்து நம் ஊர் ஆந்திராவோடு சேர்ந்துவிட்டது உனக்குத் தெரியும். மரம் வெட்டுவதற்கு அனுமதிக் காகிதம் இப்போது சித்தூரிலிருந்து தெலுங்கில் வருகிறது. தெலுங்கு பேசுவதில் நமக்குக் கஷ்டமில்லை, எழுத்துதான் தெரியாது. தாட்சாயணி திருப்பதியில் படித்தவள் என்பதால் ஊரில் பாதிப் பேர் காகிதத்தை எடுத்துக்கொண்டு நம் வாசலுக்கு வருகிறார்கள். நம் வம்சத்தில் முதல் பி.ஏ., ஆனாலும் கதவுக்குப் பின்னால் நின்றுதான் படித்துச் சொல்கிறாள், கூச்சம் போகவில்லை.

நீ போன மாதம் எழுதிய கடிதம் வந்து சேர்ந்தது. உன் முதலாளி மிஷின் ரம்பம் வாங்கப் போகிறார், பெரியது ஒன்றும் சின்னது ஒன்றும் காட்டியிருக்கிறார்கள், எது நல்லது, பெட்ரோலும் எண்ணெயும் என்ன அளவு, நம்முடையது ஏன் கெட்டது என்றெல்லாம் கேட்டிருந்தாய். வரிசையாகச் சொல்கிறேன். ரம்பத்தின் நீளத்தைப் பார்த்து மயங்க வேண்டாம். நான் அப்படித்தான் மயங்கினேன், நீளமான அலகைப் பார்த்ததும் பெரிய புளியமரம் எல்லாம் ஒரே இழுப்பில் விழும் என்று நினைத்தேன். அதைக் கையில் தூக்கிக்கொண்டு சாயங்காலம்வரை நிற்கிறவன் வேறு ஒருவன் என்பது எனக்குத் தோன்றவில்லை. கனமான மிஷின் ஆளைச் சீக்கிரம் சோர வைக்கும், சோர்ந்த கையில் அது துள்ளும். அதனால் பிடிக்கப் போகிறவனையே கடைக்குக் கூட்டிப்போய்த் தூக்கிப் பார்க்கச் சொல். ஓட்டிக் காட்டச் சொல், சூடானபின் ஒரு தடவை அணைத்து உடனே மறுபடியும் கிளப்பிப் பார். சங்கிலி, பிளக், அராவுகிற உருண்டை அரம் எல்லாம் அதே கடையில் எப்போதும் கிடைக்குமா என்று கேள். நம்முடையதற்கு ஒரு சங்கிலி வேண்டுமென்றாலும் மெட்ராஸுக்கு ஆள் போகவேண்டும், உங்களுக்குக் கப்பல் ஏறவேண்டும்.

அளவு விஷயம். நம் மிஷினின் புத்தகத்தில் ஒரு காலன் பெட்ரோலுக்கு அரை பைண்ட் எண்ணெய் என்று போட்டிருக்கிறது. தாட்சாயணி அதைக் கணக்குப் பார்த்துச் சுலபமாகச் சொன்னாள், எந்த டம்ளராக இருந்தாலும் சரி, பதினாறு டம்ளர் பெட்ரோலுக்கு அதே டம்ளரில் ஒரு டம்ளர் எண்ணெய். மோட்டாருக்கு ஊற்றுகிற முப்பதாம் நம்பர் எண்ணெய். முதலில் ஒரு டின்னில் பாதிப் பெட்ரோல், அதில் எண்ணெய் முழுவதும் விட்டு நன்றாகக் குலுக்கி, பிறகு மிச்சப் பெட்ரோல், மறுபடியும் குலுக்கல், அதற்கப்புறம்தான் டாங்கியில் ஊற்றவேண்டும். உங்கள் மிஷினின் புத்தகத்தில் வேறு அளவு இருந்தால் அதன்படியே செய்யுங்கள். முக்கியமானது இதுதான். மிஷினில் இரண்டு மூடி இருக்கும். ஒன்றில் கலந்த பெட்ரோல். இன்னொன்றில் வெறும் எண்ணெய், அது சங்கிலி வழுக்கி ஓடுவதற்கு மட்டும், இஞ்சினுக்குப் போகாது. இதைத் தெரியாதவன் மிஷினைக் கொன்றுவிடுவான்.

இந்த இடத்தில் நான் வேறு ஒன்று சொல்ல இருந்தேன். நம் மிஷின் கெட்டதற்கு, நம்மிடம் ரம்பம் பிடித்துக்கொண்டிருந்த கோவர்த்தனன்தான் காரணம் என்று பங்குனியில் எழுதினோமே, அதையே இன்னும் பலமாகச் சொல்லி எழுது என்று தாட்சாயணியிடம் சொன்னேன். ஏனென்றால் நீ எழுதியிருந்தாய், கோவர்த்தனன் கப்பலேறி அங்கேயே வந்துவிட்டான், மிஷின் வேலை கேட்கிறான், முதலாளி உன்னை விசாரித்தார், நைனா எழுதினதை நீயும் சொல்லிவிட்டாய், இப்போது அவன் யானை இழுக்கிற கட்டைக்குச் சங்கிலி மாட்டிக்கொண்டிருக்கிறான் என்று. நான் சொல்லச் சொல்ல அவள் எழுதிக்கொண்டே வந்தவள், அவன் பெயர் வந்ததும் பேனாவை மூடி வைத்துவிட்டாள். தலையை நிமிர்த்தவில்லை. "நைனா, இத நான் எழுதமாட்டேன். ஒரு தடவ எழுதினதே போதும்" என்றாள். இந்த இருபத்திரண்டு வருஷத்தில் அவள் என்னிடம் மாட்டேன் என்று சொல்லி நான் கேட்டதில்லை. எனக்குக் கோபம் வந்தது, எழுந்து வெளியே போய்விட்டேன். பத்து நாள் கடிதம் அப்படியே கிடந்தது. பதினோராம் நாள் நானே வந்து உட்கார்ந்து, நான் சொல்கிறேன், நீ எழுது என்றேன். இனிமேல் வருவது அப்படிச் சொன்னது.

மாசி மாதம் அந்த மிஷினில் பெட்ரோல் ஊற்றியது கோவர்த்தனன் இல்லை. நான். மிஷின் வந்த அன்றைக்கே உன் தங்கை புத்தகத்தைப் படித்துவிட்டு, கலந்துதான் ஊற்றவேண்டும் என்று உன் அம்மா மூலமாகச் சொல்லியனுப்பினாள். வேலையாட்கள் இருக்கிற இடத்துக்கு வந்து சொல்ல அவளுக்குக் கூச்சம். நான் சிரித்தேன். பன்னிரண்டு வருஷமாகக் கிணற்றில் ஆயில் இஞ்சின் ஓட்டுகிறவன் நான், அதில் எண்ணெய்க்கு ஓர் இடம், எரிகிறதற்கு ஓர் இடம், இரண்டையும் கலந்தால் இஞ்சின் அடைத்துக்கொள்ளும். இந்த மிஷினிலும் இரண்டு மூடியைப் பார்த்தேன், அதே சங்கதிதான் என்று முடிவு கட்டினேன். அவள் அதோடு விடவில்லை, அளவைத் தமிழில் எழுதிப் பெட்ரோல் டின்னில் கஞ்சிப் பசை வைத்து ஒட்டியிருந்தாள். மறுநாள் காலையில் நான் அதைக் கிழித்துப் போட்டுவிட்டு ஒன்றில் வெறும் பெட்ரோலும் இன்னொன்றில் எண்ணெயும் ஊற்றினேன். கோவர்த்தனன் அப்போது ரோட்டோரப் புளியமரத்தின்மேல் கயிறு கட்டிக்கொண்டிருந்தான். அவன் இறங்கிவந்து மிஷினை எடுத்து அரை மணிகூட ஆகவில்லை, அது ஒரு கிறீச்சுச் சத்தம் போட்டு மரத்துக்குள்ளேயே பிடித்துக்கொண்டு நின்றது. எங்களோடு எட்டுப் பேர் இருந்தார்கள். அவன் டின்னைப் பார்த்தான், என்னைப் பார்த்தான். "டின்னுல ஒட்டியிருந்த சீட்டு எங்க மாமா?" என்று கேட்டான். அவ்வளவுதான் கேட்டான். மற்றவர்கள் எதிரில் கேட்டுவிட்டானே என்று எனக்கு ரோஷம். அழுத்திப் பிடித்து மிஷினை எரித்துவிட்டாய் என்று கத்தினேன், சொல்லக்கூடாததெல்லாம் சொன்னேன். நான் கத்திக்கொண்டிருக்கும்போதே அவன் கைரம்பத்தை எடுத்துக்கொண்டு போனான், பாதி அறுந்த மரம் ரோட்டுப் பக்கம் சாய்ந்து நின்றது, சூளூர்பேட்டை பஸ் வருகிற நேரம். எல்லோரையும் தள்ளிப் போகச் சொல்லிவிட்டுத் தனியாகவே அறுத்து, கயிற்றைப் பிடிக்கச் சொல்லி மரத்தைக் கொல்லைப் பக்கம் சாய்த்தான். அதற்கப்புறம் துண்டை எடுத்துத் தோளில் போட்டுக்கொண்டு போய்விட்டான். மறுநாளிலிருந்து நான் அவனை வேலைக்குக் கூப்பிடவில்லை.

அன்றைக்கு அவனைத் திட்டும்போது அவன்மேல்தான் தப்பு என்று பாதி நம்பினேன் என்று வைத்துக்கொள். உனக்கு முதல் கடிதம் எழுதினபோதும் அந்தப் பாதி இருந்தது. அதற்குப் பிறகு மெட்ராஸில் மிஷினைப் பிரித்த மெக்கானிக் பிஸ்டனைக் கையில் எடுத்துக் காட்டினார், பக்கமெல்லாம் உழுதமாதிரி கோடு. பெட்ரோலில் சொட்டு எண்ணெய் இல்லாமல் ஓட்டியிருக்கிறீர்கள், யார் ஊற்றினது என்று கேட்டார். வேலையாள் என்றேன். அதில் பாதியும் இல்லை கால்வாசியும் இல்லை, முழுப் பொய். ஊருக்கு வந்தும் அதையே சொன்னேன். அவனுக்கு "மிஷினைத் துன்னவன்" என்று பேர் வைத்தார்கள், புத்தூரிலிருந்து நகரி வரைக்கும் மரம் எடுக்கிறவர்கள் ஒருவரும் அவனைச் சேர்க்கவில்லை. சித்திரையில் அவன் பெண்டாட்டி ருக்மணியை இங்கேயே விட்டுவிட்டுக் கப்பலேறினான். தாட்சாயணிக்கு எல்லாம் தெரியும், முதல் கடிதமும் அவள் கையெழுத்துதான். அன்றைக்கு நான்கு பேர் எதிரில் வந்து சொல்லியிருந்தால் அந்த மனுஷன் ஊரைவிட்டுப் போயிருக்கமாட்டான் என்று அவள் இத்தனை மாதமும் தன்னையே நொந்துகொண்டிருந்தாளாம், இப்போதுதான் அம்மாவிடம் சொல்லியிருக்கிறாள். அந்தப் பாரம் அவளுடையது இல்லை. இதையும் எழுது என்றேன், எழுத யோசிக்கிறாள், எழுதச் சொல்லிவிட்டேன்.

போன வியாழக்கிழமை ருக்மணியிடம் போனேன். அவள் வாசலில் அரிசி புடைத்துக்கொண்டிருந்தாள், உட்காரச் சொல்லவில்லை, முறத்தையும் கீழே வைக்கவில்லை. நடந்ததைச் சொன்னேன். முழுக்கக் கேட்டுவிட்டு, "எங்கிட்ட சொல்லி இன்னா மாமா ஆவப்போவுது? அந்த மனுசன் இன்னா செய்வான், இன்னா செய்யமாட்டான்னு எனக்குத் தெரியாதா? அன்னிக்கி எட்டுப் பேரு நின்னுகினு இருந்தாங்களே, அவங்ககிட்ட சொல்லு" என்றாள். அவள் சொன்னது நியாயம். சனிக்கிழமை எட்டுப் பேரையும் நாம் மரம் அடுக்குகிற கட்டைத்தொட்டிக்கு வரச் சொன்னேன், ஒருவர் வரவில்லை, ஏழு பேர் வந்தார்கள். நடந்ததையெல்லாம் சொன்னேன். முடித்ததும் அவர்களில் கிருஷ்ணப்பாதான், "அப்போ நாலு மாசமா துன்னவன் இங்கியே குந்திகினு இருக்கான், பட்டினியா இருந்தவன அந்தமானுக்கு அனுப்பிட்டோம்" என்றான். ஏழு பேரும் சிரித்தார்கள். நான் நின்றுகொண்டு கேட்டுக்கொண்டேன். இப்போது அந்தப் பேர் எனக்கு வந்துவிட்டது, சந்தையில் பின்னால் சொல்கிறார்கள். உன் அம்மாவுக்கு அழுகை. இருக்கட்டும் என்றேன்.

இங்கே செய்யவேண்டியதைச் செய்துவிட்டேன், அங்கே செய்யவேண்டியதை நான் செய்யமுடியாது, நீதான் செய்யவேண்டும். இந்தக் கடிதத்தை உன் முதலாளிக்குப் படித்துக் காட்டு. அவருக்குத் தமிழ் தெரியாவிட்டால் ஒவ்வொரு வரியாக அர்த்தம் சொல். நைனாவுக்கு அவமானமாயிற்றே என்று எந்த இடத்தையும் விழுங்காதே. வேலையாட்கள் எல்லோரும் இருக்கும்போது, கோவர்த்தனன் கேட்டுக்கொண்டிருக்கும்போது படி. அவனைத் தனியாகக் கூப்பிட்டுப் படித்தால் அது படித்ததாகாது. அவனைவிட நல்ல ரம்பக்காரன் உங்களுக்குக் கிடைக்கமாட்டான், கடையில் மிஷினைத் தூக்கிப் பார்க்கவும் அவனையே கூட்டிப்போ, அவன் கை எதைச் சொல்கிறதோ அதை வாங்கச் சொல்.

வேளைக்குச் சாப்பிடு, கொதித்த தண்ணீர் குடி, மரம் விழுகிற பக்கம் நின்று வேடிக்கை பார்க்காதே. அம்மா உன்னை நினைக்காமல் ஒரு கவளம் வாயில் வைப்பதில்லை. உனக்கு எல்லா நன்மையும் உண்டாகட்டும். என்னை மன்னித்தானா என்று அவனைக் கேட்டுவிடாதே, கேட்டால் ஆமாம் என்று சொல்லித்தான் ஆகவேண்டும் அவன், மாமா என்று கூப்பிட்ட வாய். நீ படித்துக் காட்டின மறுநாள் அவன் கையில் மிஷின் இருந்ததா இல்லையா, அதை மட்டும் எழுது.

இப்படிக்கு,
உன் நைனா
கன்னையா
(கையெழுத்து நான் போட்டது)