என் பெஞ்சுக்காரி

அன்பு மகளுக்கு,

அப்பா எழுதுகிறேன். இது யாரும் எழுதித் தந்ததல்ல; நானே எழுத்துக்கூட்டி எழுதுவது. போனில் சொல்லலாம்தான். ஆனால் நீ நடுவில் புகுந்துவிடுவாய். கடிதத்தில் நான் முடிக்கும்வரை நீ வாயைத் திறக்க முடியாது. படிப்பில் இப்படியொரு சுகம் இருப்பது இத்தனை நாள் தெரியாமல் போயிற்று!

உன் பிள்ளைகள் என்னோடு இங்கே நலம். பெரியவளுக்கு முன்பல் விழுந்துவிட்டது. வாண்டுக்கு வாய் மட்டும் வளர்கிறது.

பெரியவர்கள் எழுதப் படிக்கக் கற்கும் எங்கள் மாலை வகுப்பு அவர்கள் பள்ளியில்தான், ஒன்றாம் வகுப்பு அறையில். பெஞ்சில் உட்கார்ந்தால் முழங்கால் மோவாயில் இடிக்கிறது. பெஞ்சுக்கு இரண்டு பேர். ஒருவர் எழுதியதை மற்றவர் வாசித்தால்தான் டீச்சர் அடுத்த பாடத்துக்கு விடுவார். என் பெஞ்சுக்காரி துணி தேய்க்கும் கடை வைத்திருக்கிறாள். திருநங்கை. சிறு வயதில் பையன்கள் வரிசையில் உட்காரச் சொல்லி அடித்ததால் பள்ளியை விட்டு ஓடியவள். என் எழுத்தைப் பார்த்து, "என்னண்ணே, எறும்பு ஊர்வலம் போகுது?" என்பாள்.

போன மாதம் நான் மறந்துவிட்டுப் போன கண்ணாடியைக் கொடுக்கப் பிள்ளைகள் வந்தார்கள். வாண்டு அவளை மேலும் கீழும் பார்த்து, "தாத்தா, இவங்க அத்தையா, மாமாவா?" என்று கேட்டுவிட்டான். "அத்தைடா" என்றேன். அவள் தலை நிமிரவில்லை.

வழியெல்லாம் கேள்விதான். "அப்ப குரல் ஏன் மாமா மாதிரி இருக்கு?" என்றான். "பிறந்தப்ப எல்லாரும் பையன்னு நினைச்சுட்டாங்க. தான் பொண்ணுன்னு அவங்களுக்குத்தான் தெரியும்" என்றேன். "சொல்ல வேண்டியதுதானே?" என்றாள் பெரியவள். சொன்னாள், யாரும் காதில் வாங்கவில்லை என்றேன். "இவ்ளோதானா?" என்று வாண்டு ஒரு கல்லை உதைத்துக்கொண்டே போய்விட்டான். எனக்குத்தான் வியர்த்திருந்தது.

அடுத்த வகுப்புக்கு அவள் வரவில்லை. அதற்கடுத்ததற்கும் இல்லை. நான் எழுதியதை வாசிக்க ஆளில்லை. வீட்டில் சொன்னேன். "லீவ் லெட்டர் குடுத்தாங்களா?" என்றார்கள் பிள்ளைகள். இல்லை என்றதும் இருவருக்கும் கோபம் வந்துவிட்டது. என்னையும் இழுத்துக்கொண்டு நேரே கடைக்குப் போனார்கள்.

வாண்டு இடுப்பில் கை வைத்துக்கொண்டு, "அத்தை, லீவ் லெட்டர் எங்க? மிஸ் முட்டி போட வைப்பாங்க!" என்றான். அவள் இஸ்திரிப் பெட்டியை நிமிர்த்தி வைத்துவிட்டுச் சிரித்தாள். சிரித்தபடியே கண்ணைத் துடைத்தாள். பிறகு என்னிடம், "பசங்க கேட்டதுல ஒண்ணுமில்லண்ணே. எங்கூட உக்கார்றது தெரிஞ்சா உங்க பொண்ணு உங்களையே வர விடமாட்டாங்களோன்னு..." என்றாள்.

"எம் பொண்ணு அப்படிப்பட்டவ இல்லம்மா" என்று அடித்துச் சொன்னேன்.

நேற்று வகுப்புக்கு வந்துவிட்டாள். கடிதத்தை இதுவரை அவளே வாசித்து, சரி என்றாள். இனி எழுதுவதை அவளுக்குக் காட்டப் போவதில்லை.

இப்படி ஒருவர் எதிரே வந்தால் நீ பிள்ளைகளை இழுத்துக்கொண்டு சாலைக்கு அந்தப் பக்கம் போய்விடுவாய். அதை நான் அவளிடம் சொல்லவில்லை. உன்னைக் கேட்காமலே உன் சார்பில் வாக்குக் கொடுத்துவிட்டேன். எனக்குத் தங்கை என்றால் உனக்கும் அத்தை முறைதானே? ஊருக்கு வரும்போது ஒரே ஒரு தரம் அப்படிக் கூப்பிட்டுவிடு. மற்றதைப் பிள்ளைகள் பார்த்துக்கொள்வார்கள்.

அந்த ஊர்க் குளிரில் உடம்பைப் பார்த்துக்கொள். நீ நன்றாக இருப்பாய். அப்பாவைப் பொய்யனாக்கிவிடாதே, அம்மா.

உன் அப்பா