அறுபத்தேழாம் படத்து மீசை

9 மெஹர் மாதம் 1368, ஞாயிறு

பதிப்பாளர் பெஹ்சாதி இன்று ஒரு செருப்புப் பெட்டியைக் கொண்டுவந்து ஸ்டுடியோ மேசைமேல் வைத்தார். உள்ளே நூற்றுப் பன்னிரண்டு படங்கள். லாலேசார் தெருவின் நாடகக் கொட்டகைகளுக்குப் பழைய படங்களாலேயே ஒரு வரலாறு போடப்போகிறாராம். படங்களைச் சேர்த்தவர் மஹ்தாப் கொட்டகையில் திரைக்குப் பின்னால் நின்று நடிகர்களுக்கு வசனம் எடுத்துக்கொடுத்த கிழவர். போன வசந்தத்தில் இறந்துபோனார். ஒவ்வொரு படத்தின் முதுகிலும் யார் யார் என்று பென்சிலில் எழுதி வைத்திருக்கிறார்.

புத்தகத்துக்கு அனுமதி கிடைத்துவிட்டது. ஒரே நிபந்தனை: பெண்களின் முடி, கை, கால் தெரியக்கூடாது. அதற்குத்தான் நான். முப்பது வருஷம் இதே முகங்களில் மருவையும் இரட்டைத் தாடையையும் அழித்தவன், இப்போது முக்காடு போட்டுவிட வேண்டும்.

"உங்க கைய விட்டா யாருங்க இருக்கா, நுஸ்ரத் ஆகா? வேற எவன்கிட்ட கொடுத்தாலும் தார் பூசின மாதிரி பூசிடுவான்" என்று 'ஆகா' போட்டு மரியாதையாகச் சொன்னார் பெஹ்சாதி.

சரி என்று சொல்லிவிட்டேன். அவர் போனதும்தான் உறைத்தது. மஹ்தாப் கொட்டகை என்றால் அதில் தூரானும் இருப்பாளே. என் மனைவி திரை எழுவதற்கு முன் பாடி ஆடியவள் என்பது இன்று எனக்கும் அவளுக்கும் மட்டும் தெரியும். பெற்ற மகள் நாஹீதுக்கே தெரியாது. நாஹீத் இப்போது கணக்கு டீச்சர் வேலைக்குப் பரீட்சை பாஸ் பண்ணிவிட்டு, குடும்பத்தைப் பற்றிய விசாரணைக்குக் காத்திருக்கிறாள். இந்த நேரத்தில் இந்தப் பெட்டி.

11 மெஹர்

மளிகைக்கடை மஷ் ரஹீம் ரேஷன் கூப்பன் பார்ப்பதுபோல் குனிந்துகொண்டு சொன்னார்: "ரெண்டு பேர் வந்தாங்க. உங்க வீட்டப் பத்தித்தான். தொழுவாங்களா, பாட்டுக் கேப்பாங்களான்னு. அம்மா கல்யாணத்துக்கு முன்னாடி என்ன பண்ணாங்கன்னும் கேட்டாங்க."

"நீங்க என்ன சொன்னீங்க?"

"கஸ்வீன் ஊர்க்காரங்க, தையல் தைப்பாங்கன்னேன். எனக்குத் தெரிஞ்சது அவ்வளவுதானே. மறுபடி வருவாங்களாம்."

அவருக்குத் தெரிந்தது அவ்வளவுதானா? அவர் முகத்தையே பார்த்தேன். பருப்பு அளந்துகொண்டிருந்தார். வாங்க வந்த தேயிலையை மறந்துவிட்டு வீடு வந்து சேர்ந்தேன்.

12 மெஹர்

பெட்டியின் மேல்பாதியை மட்டும் செய்துகொண்டிருக்கிறேன். அடியில் கைவைக்கத் தைரியம் இல்லை.

13 மெஹர், வியாழன்

இன்று ஒரு கூத்து. நாற்பத்தொன்றாம் படம், நான் பிறப்பதற்கு முந்தையது. ராணி வேஷம், கழுத்து நிறைய மணி, விசிறி. நல்ல முக்காடாக, மடிப்பெல்லாம் வைத்து, அரை நாள் உட்கார்ந்து போட்டேன். பெஹ்சாதி பார்த்துவிட்டு மூச்சு முட்டச் சிரித்தார்.

"ஐயோ, படத்து முதுகப் பாத்தீங்களா? இது ஹபீப் ஆகாங்க! பகல்ல ரொட்டி சுடுவாரு, சாயங்காலம் ராணி. ஆம்பளைக்கு எதுக்கு முக்காடு? கழட்டுங்க, கழட்டுங்க."

அந்தக் காலத்தில் பெண்கள் மேடை ஏறவில்லை, மீசையை மழித்துக்கொண்டு ஆண்களே ஆடினார்கள். சிரிப்பு நாடகங்களில் அதற்கப்புறமும், சிலர் மீசையோடேகூட, பெண் வேஷம் போட்டார்கள். நல்லவேளை, தண்ணீர்ச் சாயம். பஞ்சை எச்சிலில் நனைத்துத் துடைத்ததும் ராணி மறுபடி தலை தெரிய நின்றார். நானும் சிரித்தேன். கொஞ்ச நேரம் பயம் மறந்திருந்தது.

15 மெஹர்

இருக்கிறாள்.

அறுபத்தேழாம் படம். மஹ்தாப் கொட்டகையின் வாசல்படியில் குழு முழுவதும். நடுவில் தூரான். பத்தொன்பது வயசு. இடுப்பில் ஒரு கை, தோள்வரை வெறுங்கை, தலையைப் பின்னால் சாய்த்து யாரையோ பார்த்துச் சிரிக்கிறாள்.

யாரையோ என்ன. என்னைத்தான். அந்தப் படத்தை எடுத்தவனே நான். "சீக்கிரம் எடுய்யா, கன்னம் வலிக்குது" என்று அவள் கத்த, மொத்தக் குழுவும் சிரித்தது. அவள் என்னிடம் பேசிய முதல் வார்த்தை அதுதான்.

முதுகில் கிழவரின் பென்சில்: "நடுவில், மஹ்பாரே." அவளுடைய மேடைப் பெயர்.

முக்காடு போட்டால் போதாது. முகம் அப்படியே இருக்கிறது. தாடையில் அந்தப் பிளவு நாஹீதுக்கும் அச்சாக இருக்கிறது. நாஹீதை நேரில் பார்த்த எவனும் இந்தப் படத்தைப் பார்த்தால் போதும். எடுத்து ஒளித்துவிடவும் முடியாது. படங்களின் எண் பட்டியலுக்கு அனுமதி கொடுக்கும் அலுவலகத்தில் முத்திரை குத்தியாகிவிட்டது. நூற்றுப் பன்னிரண்டும் போக வேண்டும்.

16 மெஹர்

கிழித்துவிட்டால்? தொலைந்தது என்றால்? ஏன் அது மட்டும் தொலைந்தது என்று கேட்பார்களே. கேள்வி வந்தால் தேடல் வரும், தேடினால் வேறு யாரிடமாவது இதே படம் இருக்கும் —

கிழிக்கக் கையும் வராது. அதுதான் உண்மை. புரட்சி வந்த குளிர்காலத்தில் அவளுடைய படங்கள் அத்தனையையும் குளியலறை பாய்லரில் போட்டவன் நான். இரண்டு ஆல்பம், ஒரு பெட்டி நெகட்டிவ். பக்கத்து வீட்டில் சோதனை நடந்த பயம். அவள் முக்காலியில் உட்கார்ந்து கடைசிவரை பார்த்தாள். மறுநாள் காலை, "இனிமே கேமரா இந்த வாசப்படி தாண்டி உள்ள வரக்கூடாது" என்றாள். பத்து வருஷமாகத் தாண்டவில்லை. நாஹீத் பட்டம் வாங்கியபோதுகூட.

மிச்சமிருப்பது இந்த ஒரு படம்.

19 மெஹர், புதன்

நேர்காணல் திங்கட்கிழமை. மார்க்கக் கேள்விகள்தான் அதிகம் வருமாம். சாப்பாடு முடிந்து, தேநீர் கொதிக்கும் சமோவார் முன்னால் தூரான் அதிகாரியாக உட்கார்ந்தாள். மூக்குக்கண்ணாடியை நுனிக்கு இறக்கி, குரலைத் தொண்டைக்குள் தள்ளி, "சொல்லும்மா, செத்தவங்க மய்யித்தக் குளிப்பாட்ட எத்தன தண்ணி? மொதல்ல எது?" என்று கேட்டாள். நாஹீத் பதில் சொல்ல, இவள் தாடியைத் தடவுகிறாள். இல்லாத தாடி எங்கள் கண்ணுக்குத் தெரிகிறது!

நாஹீத் விழுந்து விழுந்து சிரித்தாள். "அம்மா, நீ நடிக்கப் போயிருக்கணும்மா."

என் கண்ணாடிக் குவளை சாய்ந்து தேநீர் விரிப்பெல்லாம் ஓடியது. தூரான் என்னைப் பார்க்கவே இல்லை. துணி எடுத்துத் துடைத்தபடி, "ஆமா, உங்கப்பாவுக்கு இங்க வடிச்சுக் கொட்ட ஆள் வேணாமா" என்றாள். குரல் கொஞ்சமும் பிசகவில்லை.

மகளிடம் ஏன் சொல்லவில்லை என்று முன்பொருமுறை கேட்டேன். "தெரியாதவ பொய் சொல்ல வேண்டியதில்ல. கேட்டா நிஜமாவே தெரியாதும்பா" என்றாள். அதையே பிடித்துக்கொண்டு பத்து வருஷம் ஓட்டியிருக்கிறோம்.

படத்தைப் பற்றி அவளிடம் இன்னும் சொல்லவில்லை. சொன்னால் கேட்பாள்: எரிக்கப்போறீங்களா?

20 மெஹர்

ஆணுக்கு முக்காடு வேண்டாம். ஹபீப் ஆகாவுக்கு வேண்டாமே.

ஆணாகவே ஆக்கிவிட்டால்?

21 மெஹர், வெள்ளி

ஊரே விடுமுறையில் இருக்க, ஸ்டுடியோ கதவை உள்ளே தாழ்போட்டுக்கொண்டு செய்தேன்.

ஒற்றை மயிர்த் தூரிகை. முதலில் மார்பைத் தட்டையாக்கினேன், நிழலை அழித்தால் போதும், தட்டையாகிவிடும். தாடையை அகலமாக்கிப் பிளவை மூடினேன். புருவத்தைத் தடிப்பாக்கினேன். கடைசியில் மீசை. ஒவ்வொரு மயிராக. தூரிகை நுனியை நாக்கில் வைத்துக் கூர் செய்யும்போதெல்லாம் வாயில் கசந்தது. கல்யாணம் பண்ணிக் கூட வாழ்ந்தவளுக்கு மீசை வரைகிற புருஷன் உலகத்தில் நான் ஒருவனாகத்தான் இருப்பேன்.

பிறகு திருப்பினேன். செத்தவர் எழுத்து. ரப்பரால் அழித்துவிட்டு அவர் கைபோலவே எழுதினேன்: "நடுவில், மஹ்மூத். பெண் வேடக்காரர்." அவரிடம் வாய்விட்டு மன்னிப்புக் கேட்டேன்.

மீசைக்குக் கீழே அதே சிரிப்புதான். அதை மட்டும் தொட முடியவில்லை. தொட்டிருக்க வேண்டுமோ?

24 மெஹர், திங்கள்

நாஹீத் சாயங்காலம் வந்தாள். பையைக்கூடக் கீழே வைக்கவில்லை.

"அம்மாவப் பத்திக் கேட்டாங்கப்பா. தையல்னு சொன்னேன். அப்புறம், உங்கப்பாவோட கடை முன்ன லாலேசார்லதானே இருந்துச்சு, அங்க யார்யாரப் படம் புடிச்சாருன்னு கேட்டாங்க. எனக்குத் தெரியாதுன்னேன். எழுதிக்கிட்டாங்க."

"வேற?"

"வேற ஒண்ணுமில்ல. லெட்டர் வருமாம். எதுக்குப்பா கதவத் தாழ் போடுறீங்க?"

குளிர் அடிக்கிறது என்றேன்.

27 மெஹர்

லாலேசார் பக்கம் போக வேண்டியிருந்தது. மஹ்தாப் இருந்த இடத்தில் சரவிளக்குக் கடை. பட்டப்பகலில் நூறு விளக்கு எரிகிறது. எதிர்ப்புறம் ஒருவன் நின்று என்னையே பார்ப்பதுபோல் இருந்தது. வேகமாக நடந்தேன். திரும்பிப் பார்த்தால் அவன் சுவிட்சு பேரம் பேசிக்கொண்டிருக்கிறான்.

6 ஆபான்

பெஹ்சாதி தொலைபேசியில் சொன்னார்: "அலுவலகத்துலேர்ந்து படமெல்லாம் திரும்பி வந்துடுச்சு. ஒண்ணே ஒண்ணுலதான் சிவப்பு வட்டம் போட்டிருக்கான். அறுபத்தேழு."

உடனே வாங்க என்றார். பஸ்ஸில் ஏறினேன், எந்த நிறுத்தத்தில் இறங்கினேன் என்று நினைவில்லை. கண்டுபிடித்துவிட்டார்கள். சாயத்தைச் சுரண்டிப் பார்த்திருப்பார்கள். மகளின் பிழைப்பு போச்சு, என் கையாலேயே போச்சு — இதுதான் வழி முழுக்க.

பெஹ்சாதி படத்தை நீட்டினார். வட்டம் முகத்தில் இல்லை. கையைச் சுற்றி இருந்தது. ஓரத்தில் குறிப்பு: "ஆணாயினும் புஜம் பார்க்கத் தகாதவாறு உள்ளது. மறைக்கவும்."

"இந்த மஹ்மூத் ஆகா யாருங்க? அலுவலகத்துக்காரனுக்கே மனசு ஆடிப்போச்சு போல" என்று கண்ணடித்தார் பெஹ்சாதி.

அங்கேயே உட்கார்ந்து சட்டைக்கை வரைந்து கொடுத்தேன். கோடு கோணலாகத்தான் வந்தது.

12 ஆசர்

லெட்டர் வந்தது. வராமீன் ஊர்ப் பெண்கள் பள்ளி, சனிக்கிழமையிலிருந்து. நாஹீத் என் கழுத்தைக் கட்டிக்கொண்டு அழுதாள். தூரான் கண்ணேறு கழிய இஸ்பந்து விதையை நெருப்பில் போட்டுப் புகை சுற்றினாள். நானும் அழுதேன். ஆனால் பயம் முழுசாகப் போகவில்லை. இன்னும் புத்தகம் வரவில்லையே.

9 பஹ்மன்

புத்தகம் வந்துவிட்டது. நன்றாகவே அச்சாகியிருக்கிறது. பெட்டியும் என்னிடமே வந்துவிட்டது. கிழவரின் மனைவி பார்த்துவிட்டு, "சாயம் பூசினதெல்லாம் எனக்கு வேணாம், இவங்க யாரையும் எனக்குத் தெரியல" என்று சொல்லிவிட்டாராம்.

புத்தகத்தை ஸ்டுடியோ அலமாரியில் துணிகளுக்கு அடியில் வைத்தேன்.

11 பஹ்மன்

மதியச் சோறு கொண்டுவந்த தூரான் துணியைத் தேடி அலமாரியைத் திறந்திருக்கிறாள். நான் இருட்டறையிலிருந்து வெளியே வந்தபோது அறுபத்தேழாம் படம் இருக்கும் பக்கத்தில் விரலை வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள்.

"மொதல்ல எரிச்சீங்க" என்றாள். "இப்ப மீசை."

வேலைக்காகத்தான், பயந்துபோய்த்தான் என்று என்னென்னவோ உளறினேன். அவள் புத்தகத்தை மூடினாள்.

"மூலப்படம் எங்க?"

எடுத்துக் கொடுத்தேன். கைப்பையில் வைத்துக்கொண்டு போய்விட்டாள். சோற்றுத் தூக்கு திறக்காமலே இருந்தது.

14 பஹ்மன்

மூன்று நாளாகப் பேச்சில்லை. "உப்பு", "கதவு", "போன்". அவ்வளவுதான்.

17 பஹ்மன்

நாஹீத் வராமீனிலிருந்து வழக்கம்போல் சாயங்காலம் வந்தாள். தூரான் படத்தைச் சமோவார் பக்கத்தில் சாய்த்து வைத்திருந்தாள், எல்லோரும் பார்க்கும்படி. நான் பார்த்ததும் எழுந்து ஜன்னல் திரையை இழுத்து மூடினேன். வேறென்ன செய்ய.

"யாரு இது?" நாஹீத் எடுத்தாள். "அப்பா பண்ண வேலையா? மீசை நல்லாருக்கு." வெகுநேரம் பார்த்தாள். "அம்மா... இந்த ஆளு சிரிக்கிறது ஒன்ன மாதிரியே இருக்கு."

தூரான் பஞ்சைக் கிழித்து, நாக்கில் வைத்து நனைத்து, மகளிடம் நீட்டினாள்.

"தொடச்சுப் பாரு, நாஹீத் ஜான், என் கண்ணே. மெதுவா."

நான் "வேண்டாம்" என்று சொல்ல வாயைத் திறந்தேன். சொல்லவில்லை. மீசை போனது. புருவம் போனது. தாடையில் பிளவு வந்ததும் நாஹீதின் கை தானாகத் தன் தாடைக்குப் போனது. சட்டைக்கை கரைந்து அந்த வெறுங்கை தெரிந்தது.

நாஹீத் கேட்டாள்: "இனி யாராச்சும் கேட்டா நான் பொய் சொல்லணும், இல்ல?"

"நடிச்சுடுவே" என்றாள் தூரான். "எம் பொண்ணுதானே நீ."

பிறகு கொட்டகையில் பாடிய பாட்டுகளில் ஒன்றை, சமோவார் கொதிக்கும் சத்தத்துக்கு மேலே போகாதபடி, முணுமுணுத்தாள். எனக்கு வாசலிலேயே கண். யாரும் வரவில்லை.

19 பஹ்மன், வியாழன்

காலையில் ஸ்டுடியோவுக்குக் கிளம்பினேன். செருப்பு மாட்டும்போது பின்னாலிருந்து தூரான் பேசினாள். எட்டு நாளில் என்னிடம் முதல் முழு வாக்கியம்.

"நாளைக்கு வெள்ளிக்கிழமை, நாஹீத் வீட்ல இருப்பா. வரும்போது கேமராவ எடுத்துட்டு வாங்க, நுஸ்ரத் ஆகா. அந்தத் தூரிகைப் பெட்டி மட்டும் அங்கயே கிடக்கட்டும்."