அன்னம் எடுத்த ஆரத்தி

நவம்பர் 3, 2603

மழை. ஆண்டு ஜப்பான்காரன் கணக்குப்படி; நேற்றுவரை எங்களுக்கு 1943. உத்தரவின் பேரில் அறுநூற்று அறுபது வயது கூடிவிட்டது. வாத்தியார் சம்பளம் பழையதே.

மதியம் மரவள்ளி. மாலை முனியாண்டி வந்தான். பழைய ரப்பர் எஸ்டேட்டில் பால்மரம் வெட்டியவன், ஜப்பான்காரன் ஆள்பிடித்துப் போட்ட சயாம் ரயில் பாதையிலிருந்து தப்பி வந்திருக்கிறான். தங்கை அன்னத்தின் புருஷன் செல்வராசு அங்கே போர்க்கைதி முகாமில் இறந்துவிட்டாராம். வயிற்றுப்போக்கு.

"எரிச்சாங்களா?"

"எரிச்சாங்க அண்ணே. மழை லா. சரியா எரியல."

அன்னம் அடுப்படியில் நின்று கேட்டுக்கொண்டிருந்தாள்.

நவ. 4

மாப்பிள்ளை வெள்ளைக்காரன் படையில் இருந்தவர் என்று தெரிந்தால் ராணுவப் போலீஸ் வந்துவிடும். எங்கள் புந்தோங் வட்டாரம் முழுக்க நாங்கள் சொல்லிவைத்தது: சயாமில் ஜப்பான்காரனிடம் கணக்கெழுதும் கிராணி வேலை. ஆகவே ஒப்பாரி இல்லை. பொட்டு, பூ, தாலி அப்படியே. விதவையாவதற்கும் அனுமதி வேண்டிய காலம்.

நவ. 7

பக்கத்து வீட்டுக் கனகம் அக்கா: "மவளுக்கு நலுங்கு. மொத மஞ்சள் நீதான் வைக்கணும், அன்னம்."

அன்னத்துக்குத் திடீர்க் காய்ச்சல். பிறகு என்னிடம், "சின்னப் பொண்ணுண்ணே. என் கை படவேணாம்."

எனக்கு இதிலெல்லாம் நம்பிக்கை இல்லை. நிறையப் படித்தவன். காய்ச்சல் குறையவில்லை என்று கனகம் அக்காவிடம் நானே போய்ச் சொன்னேன்.

நவ. 9

ஊர்த் தமிழர் சங்கத் தலைவர் வந்தார். முன்பு வெள்ளைக்காரத் துரைகளுக்கு மாலை போட்டவர். துரைகள் மாறினார்கள், பூக்கடை மாறவில்லை.

புது ஜப்பான் அதிகாரி வருகிறாராம். சுமங்கலிகள் ஆரத்தி எடுக்கவேண்டும். "மாப்பிள்ளை அவங்க வேலையில இருக்காரு. தங்கச்சிதான் முன்னால நிக்கணும் லா."

மறுக்க வாயெடுத்தேன். அன்னம் உள்ளிருந்து, "வாரேன்."

அவர் போனபின் கேட்டேன். "கனகம் அக்கா மகளுக்கு மாட்டேன்னியே?"

"அது கல்யாணப் பொண்ணு. இவன் யாரு?"

நவ. 12

தூறல். கூறைப்புடவை. தலை நிறையப் பூ. பொட்டு வழக்கத்தைவிடப் பெரிது. அதிகாரியின் முகத்துக்கு நேரே நின்று தட்டைச் சுற்றினாள். அவசரமே இல்லை. நெற்றியில் திலகமும் இட்டாள். குனிந்து வாங்கிக்கொண்டார். எல்லோரும் கைதட்டினார்கள். நானும்.

வீட்டுக்கு வந்ததும் தலைக்கு ஊற்றிக்கொண்டாள். கிணற்றடியில் வெகுநேரம். வாளி வாளியாகத் தண்ணீர்ச் சத்தம். வேறு சத்தம் வெளியே கேட்கக்கூடாதே.

மாலை தலைவர் மறுபடியும். "ராசியான கை லா. அடுத்த மாசம் தைப்பிங்லேர்ந்து இன்னும் பெரியவரு வாராரு. தங்கச்சிய அனுப்புவீங்கள்ல?"

அனுப்புகிறேன் என்றேன்.