அழுது வாங்கிய உத்தியோகம்

சாங்கான் நகரம்
புது ஆட்சியின் பதினைந்தாம் ஆண்டு, ஐந்தாம் மாதம்

அன்புள்ள ஸு ஜுன்னுக்கு,

நான் நலம். நீயும் மகளும் நலமாயிருக்க வேண்டும். உங்கள் பக்கம் பஞ்சம் என்று பேச்சு. கவலைப்படாதே, அரண்மனையே கவலைப்பட ஆரம்பித்துவிட்டது. குழந்தை ராஜாவை மடியில் வைத்துக் கொஞ்சிக்கொண்டிருந்துவிட்டு, ஒருநாள் குழந்தையை இறக்கிவிட்டுத் தானே சிம்மாசனத்தில் உட்கார்ந்தாரே நம் பேரரசர், அவர் ஒரு வழி கண்டுபிடித்திருக்கிறார். மரப்பட்டையை வேகவைத்தால் பால்கஞ்சி மாதிரி வருமாம். களஞ்சியங்களைத் திறக்கவே வேண்டாமாம். செய்முறையை ஊர் ஊராக அனுப்ப நகல் எடுத்தவன் உன் கணவன்தான். நம் ஊருக்கு உள்ளதைத் தனியாக, அழகாக எழுதியிருக்கிறேன்.

தலை நரைக்கும்வரை நகல் எடுத்தாயிற்று. அதிகாரிக் குல்லாய் இல்லாமல் ஊருக்கு வந்தால் உன் தம்பி சிரிப்பான். கிடைத்ததும் வருகிறேன்.

அன்புடன்,
தாவ் குவெய்


ஏழாம் மாதம். எந்த ஆட்சி என்று எழுத மனம் வரவில்லை

மரியாதைக்குரிய வீட்டுக்காரருக்கு,

கையெழுத்து அழகு. கஞ்சியைப் பற்றி அப்படிச் சொல்ல முடியாது. நீங்கள் எழுதியபடியே பகல் முழுக்கக் கொதிக்கவைத்தேன். குதிரை லாயத்து வாசனை. ஒரு கிண்ணம் எடுத்துக்கொண்டு களஞ்சிய அதிகாரி பாங்கிடம் போனேன். பின்னாலேயே ஊரும் வந்தது.

"ராஜா சொன்ன கஞ்சிங்க ஐயா. முதல்ல நீங்க குடிங்க."

"எனக்கு வயிறு சரியில்லம்மா."

"எங்களுக்கு வயிறே இல்லாமப் போச்சுங்க. குடிங்க."

ஒரு வாய் குடித்தார். சாவியைக் கழற்றி என் கையில் கொடுத்துவிட்டு வேலிப்பக்கம் ஓடினார். அன்றைக்கு எல்லா வீட்டிலும் தினைச்சோறு.

மறுவாரம் எங்களை அடக்கப் படை வந்தது. சண்டையில் நம்மாள் யார் என்று தெரிய வேண்டுமே, எல்லோரும் புருவத்தில் சிவப்பு பூசிக்கொண்டோம். எனக்கு எடுப்பாக இருக்கிறதாம், மகள் சொன்னாள். படையில் பாதி ஓடிற்று. மீதி எங்களோடு சாப்பிட உட்கார்ந்துவிட்டது.

இப்போது நம் ஆட்கள் சாங்கானுக்குக் கிளம்பிவிட்டார்கள். சிவப்பில்லாத முகத்தை அவர்கள் விசாரிக்க மாட்டார்கள், வெட்டிவிடுவார்கள். சாயம் அனுப்பியிருக்கிறேன். பூசிக்கொண்டு உடனே வந்துவிடுங்கள். குல்லாய் இல்லாமல் வந்தால் சோறு போடுவேன். தலை இல்லாமல் வந்தால் நான் என்ன செய்வது?

இப்படிக்கு,
ஸு ஜுன்


சாங்கான், ஒன்பதாம் மாதம்

என் ஸு ஜுன்,

உட்கார்ந்துகொண்டு படி. உன் கணவன் அதிகாரி.

நீ சொன்னபடி சாயம் பூசி, தலைத்துணியை இழுத்து மறைத்துக்கொண்டு தெற்கே நழுவினேன். அங்கே மைதானத்தில் பேரரசர் வானத்தைப் பார்த்து அழுதுகொண்டிருந்தார். ஊரே அழுதால் வானம் இரங்கிக் கிளர்ச்சிக்காரர்களை விரட்டுமாம். ஒரு காவலன் என் கழுத்தைப் பிடித்தான்.

"எங்க போற பெருசு? வந்து அழு. நல்லா அழுதா கஞ்சி. ரொம்ப நல்லா அழுதா உத்தியோகம்."

என் வாழ்க்கையை ஒரு தடவை நினைத்துப் பார்த்தேன். வேறு உதவி தேவைப்படவில்லை. முகத்தைத் துணியால் துடைக்கத் துடைக்கச் சாயம் கரைந்து கன்னத்தில் வழிந்தது. ரத்தக் கண்ணீர் என்று கூவினார்கள். குல்லாய் கொடுத்தார்கள். கிழக்கு வாசலுக்கு மேற்பார்வை அதிகாரி நான்தான். கண்ணாடியில் பார்த்தால் கழுதைக்குப் பட்டு கட்டினதுபோல இருக்கிறது. ஆனால் பட்டு அசல். கிடைத்த வாரத்திலேயே விட்டுவிட்டு வா என்கிறாயா? கொஞ்ச நாள் போட்டுப் பார்த்துக்கொள்கிறேனே.

அன்புடன்,
கிழக்கு வாசல் மேற்பார்வை அதிகாரி தாவ் குவெய்


ஒன்பதாம் மாதக் கடைசி

வாசல் அதிகாரி அவர்களுக்கு,

உப்பு வண்டிக்காரரிடம் அவசரமாகக் கொடுத்தனுப்புகிறேன். என் தம்பியும், சலவைக்காரி வேயின் பிள்ளைகள் இருவரும் ஒன்றாம் தேதி உங்கள் வாசலுக்குத்தான் வருகிறார்கள். மதில்மேலிருந்து அம்பு விட்டால் முதலில் விழுவது அவர்கள்.

திறந்தால் நீங்கள் என் கணவர். திறக்காவிட்டால் உங்கள் பெயருக்குப் படையல் வைத்துவிட்டு என் வேலையைப் பார்ப்பேன்.

ஸு ஜுன்


சாங்கான், பத்தாம் மாதம்

ஸு ஜுன்,

திறந்துவிட்டேன்.

தனியாளாகத் திறந்தேன் என்று எழுதத்தான் ஆசை. தாழ்மரம் அசையவில்லை. காவலர்களிடம் போய் அதிகாரக் குரலில், "தூக்குங்கப்பா" என்றேன்.

"யாரு உத்தரவுங்க ஐயா?"

"எம் பொண்டாட்டி உத்தரவு."

மூக்கு உடைந்த ஒருவன், "எனக்கும் வீட்டுலேருந்து அதே உத்தரவுதாங்க" என்றான். எல்லோரும் சேர்ந்து தூக்கினோம். அம்பு ஒன்றுகூடப் பறக்கவில்லை. உன் தம்பி உள்ளே வந்து முதலில் ஓர் அறை விட்டான், அடையாளம் தெரிந்ததும் கட்டிக்கொண்டான். இரண்டுக்கும் ஒரே பலம். வேயின் பிள்ளைகள் சௌக்கியம்.

பேரரசர் ஏரி நடுவிலிருந்த கோபுரத்துக்கு ஓடினார். வானம் தன் பக்கம் என்று கடைசிவரை சொன்னாராம். கோபுரம் விழுந்தது, ஆட்சியும் முடிந்தது. தெருவெல்லாம் முரசு. யாரென்றே தெரியாத பாட்டாளி ஒருவன் என்னைத் தோளில் தூக்கிக்கொண்டு ஆடினான்.

குல்லாயை வாசலிலேயே வைத்துவிட்டேன். வெறுந்தலையாக வருகிறேன். ஊர் என்ன சொல்லும் என்றுதான் யோசனை.

உன்,
குவெய்


பத்தாம் மாதம்

என் வீட்டுக்காரருக்கு,

இது வழியில் உங்களைப் பிடிக்க வேண்டும்.

ஊர் என்ன சொல்லும் என்றீர்களே, நேற்றுக் கூடிப் பேசியது. களஞ்சியத்துக்குப் பொறுப்பாக ஓர் ஆள் வேண்டும். உங்கள் பெயரைச் சொன்னது நானில்லை, வேய். "கதவைத் தொறக்கத் தெரிஞ்ச ஆளுதான் அதுக்கு வேணும்" என்றாள். சம்மதம் என்பவர்கள் கை தூக்குங்கள் என்றதும் ஊரே கை தூக்கியது, உங்களை அறைந்துவிட்டு முந்தாநாள் வந்து சேர்ந்த என் தம்பி உட்பட.

நான் ஒருத்தி மட்டும் தூக்கவில்லை. தப்பாக எடுத்துக்கொள்ள வேண்டாம். இரண்டு கையும் மாவில் இருந்தது. உங்களுக்கு அப்பம் தட்டிக்கொண்டிருந்தேன்.

ஸு ஜுன்