கழிவு போடாத நிறுவை

உன் வெங்காய ஸ்டோருக்கு இன்றைக்குச் சுண்ணாம்பு அடிக்கிறார்கள். காலையில் உன் மனைவி போனில் கோல் எடுத்தா. எனக்கு அவ மதினி, அவவுக்கு நான் நானா, அண்ணன் முறை. “நானா, தராசுக்குப் பின்னால செவத்துல பென்சில்ல என்னமோ இலக்கம் எழுதிக் கிடக்கு. இவர்ட கையெழுத்துத்தான். முக்கியமான கணக்கு எண்டா அழிக்க ஏலாதே. ஒருக்கா வந்து பாத்துட்டுப் போங்க” என்றா.

போனேன். ஈரச் சுண்ணாம்பு வாசமும் பழைய வெங்காயச் சருகு வாசமும் ஒன்றாய் மூக்கில் ஏறின. நூற்றுப் பன்னிரண்டில் தொடங்கி ஒன்றன்கீழ் ஒன்றாய் இறங்கி, நூற்றொன்றில் நிற்கிறது. அது கணக்கு இல்லை. அது நீ. உன் உடம்பு நாள்தோறும் குறைந்து வந்த கதை. அதைப் பார்த்ததும் எனக்கு அழுகை வரவில்லை. உன்னை இரண்டு அறை அறைய வேண்டும்போல இருந்தது.

உன்னோடு சண்டை பிடிக்கக் கப்றடிக்கு வரலாமென்றால் நீ இந்த ஊர் மண்ணில் இல்லை. கொரோனாவில் மௌத்தானவர்களை அடக்கவென்று அப்போது கொடுத்த ஒரே இடம், நாட்டின் மறுகரையில் ஓட்டமாவடியில் இருந்தது. கற்பிட்டியில் பிறந்து, கற்பிட்டி மணலில் விளைந்த வெங்காயத்தை நிறுத்தே வாழ்ந்தவனை அத்தனை தூரம் கொண்டுபோய் வைத்தார்கள். உன்னைத் தூக்கக்கூட எனக்கு வாய்க்கவில்லை. அதனால்தான் எழுதுகிறேன்.

உன்னை எனக்குத் தெரியாதா? பள்ளியில் ஒரே வாங்கில் பக்கத்துப் பக்கமாய் இருந்து படித்தவர்கள் நாம். நான் உடற்கல்வி ஆசிரியனானேன், நீ வெங்காய முதலாளியானாய். ஊரில் எந்த விவசாயி மூட்டை இறக்கினாலும் உன் தராசில் ஏறியதும் உன் வாயில் வருகிற முதல் சொல் “கழிவு.” மண்ணுக்கு, ஈரத்துக்கு, சாக்குக்கு என்று மூட்டைக்கு இரண்டு கிலோ கழிப்பாய். “முதலாளி, மூணு நாள் வெயில்ல காய வச்சது, இதுல என்ன ஈரம்?” என்று கெஞ்சுவார்கள். “வெங்காயம் காயும், சாக்குக் காயுமா?” என்பாய். நியாயமில்லை என்று நானே எத்தனை தரம் உன்னிடம் கத்தியிருக்கிறேன். நம் ஊரில் எல்லாரும் போடுகிற கழிவுதானே என்று சிரிப்பாய்.

பள்ளியில் கொரோனா ஊசி போட்ட நாளுக்கு வருகிறேன். எங்கே சுற்றினாலும் அங்கேதானே வந்து நிற்க வேண்டியிருக்கிறது. ஆசிரியர் என்பதால் எனக்கு முன்னமே போட்டிருந்தார்கள். அன்றைக்கு வரிசையைச் சரி பார்க்கும் வேலை எனக்கு. விசிலைக் கழுத்தில் தொங்கப்போட்டுக்கொண்டு பெரிய ஆளாய்த் திரிந்தேன். நீ வெள்ளைச் சட்டை போட்டு, வேர்க்க வேர்க்க வந்து வரிசையில் நின்றாய். உன்னைக் கண்டதும் எனக்கு வாய் சும்மா இருக்கவில்லை.

“இவருக்கு ரெண்டு பேர்ட மருந்து வேணும்! மச்சான், முதல்ல நூறுக்குக் கீழ இறங்கிட்டு வா. இந்த உடம்புக்கு ஊசி போட்டா ஊசியும் தாங்காது, நீயும் தாங்க மாட்டாய்!”

வரிசை முழுக்கச் சிரித்தது. ஊசி போட வந்த நர்ஸ் மிஸ்ஸும் சிரித்தா. நீயும் சிரித்தாய். பிறகு போனைக் காதில் வைத்துக்கொண்டு, “லொறி வந்திட்டாம், இந்தா வாறன்” என்று வெளியே போனாய். திரும்பி வரவில்லை. லொறி எதுவும் அன்றைக்கு வரவில்லை என்பது எனக்கு அப்போதே தெரியும்.

ஏன்டா சிரித்தாய்? வெங்காயத்துக்குப் பத்து ரூபாய் குறைத்துக் கேட்டால் கொழும்பு வியாபாரியை உரித்து எடுக்கிற வாய் உனக்கு. “வாயப் பொத்துடா, உனக்கென்ன தெரியும்?” என்று ஒரு சொல் என்னைக் கேட்டிருந்தால் நான் செத்தா போயிருப்பேன்?

அடுத்த நாள் விடியற்காலை சுபஹு தொழுத கையோடு என் வீட்டு வாசலில் நின்றாய். “எனக்கு எக்ஸசைஸ் சொல்லித் தா. நூறுக்குக் கீழ வந்திட்டுத்தான் ஊசி போடுவன்” என்றாய். நான் சொன்னது பகிடி என்று சொன்னேன். “நீ உடம்புப் பாடம் படிச்ச ஆள். பகிடியாச் சொன்னாலும் உள்ளுக்கு ஒரு விசயம் இரிக்கும்” என்றாய். அந்த இடத்தில் உன் சட்டையைப் பிடித்துப் பள்ளிக்கு இழுத்துப் போயிருக்க வேண்டும். நான் என்ன செய்தேன்? சந்தோசப்பட்டேன்! இருபது வருசமாய் நடடா நடடா என்று கெஞ்சியும் கேட்காதவன் வழிக்கு வந்துவிட்டான் என்று எனக்குப் பெருமை. ஊசி எங்கே ஓடிவிடப் போகிறது, முதலில் உடம்பு குறையட்டும் என்று நானும் நினைத்தேன். இதை இன்றுவரை யாரிடமும் சொன்னதில்லை.

ஊரடங்கில் வெளியே நடக்க ஏலாது. ஸ்டோருக்குள் மூட்டை அடுக்கைச் சுற்றி நடந்தோம். நூறு சுற்று. நீ மூசி மூசி நடப்பாய், நான் விசில் ஊதுவேன். முடிந்ததும் தராசில் ஏறுவாய். எத்தனையோ ஆயிரம் மூட்டை ஏறின தராசு, நீ ஏறியது அதுதான் முதல் தரம். சோற்றை விட்டாய், பாண் ரொட்டியை விட்டாய், சீனி போடாத தேத்தண்ணியை முகத்தைச் சுளித்துக்கொண்டு குடித்தாய். உன்னோடு வரிசையில் நின்றவர்களெல்லாம் இரண்டாவது ஊசியும் போட்டு முடித்தார்கள். நீ மூட்டையைச் சுற்றிக்கொண்டிருந்தாய்.

நூற்றொன்று வந்த அன்று எனக்கும் பயம் தட்டியது. தெருவில் இரண்டு வீட்டில் காய்ச்சல். “நாளைக்குப் போட்டிடுவம் மச்சான். ரெண்டு கிலோ கழிவு போட்டா தொண்ணூற்றொன்பதுதானே” என்றேன். தராசில் நின்றபடியே என்னைப் பார்த்தாய்.

“மூட்டைக்குத்தான் கழிவு. இது நான்.”

ஆயுள் முழுக்க ஊரார் வெங்காயத்தில் கழித்தவனுக்கு அந்த ஒரு நிறுவையில்தான் நேர்மை வந்தது! வெள்ளிக்கிழமைக்குள் இறக்கிக் காட்டுகிறேன் என்றாய். வியாழக்கிழமை உனக்குக் காய்ச்சல். ஆஸ்பத்திரியிலிருந்து ஒரு தரம் கோல் எடுத்தாய். மூச்சு வாங்க, “இப்ப நூறுக்குக் கீழதான் இரிப்பன்” என்றாய். அதற்கும் சிரித்தாய். அதுதான் நீ கடைசியாய் என்னோடு கதைத்தது.

நீ போன பிறகு ஊர் என்ன சொன்னது தெரியுமா? “உடம்பு பெருத்த ஆள்தானே.” பதினொரு கிலோ, அட பாவிகளா, பதினொரு கிலோவை வேர்வையாய் ஊற்றியவன் அவன் என்று கத்த வேண்டும்போல இருந்தது. கத்தவில்லை. கத்தினால் ஏன் ஊற்றினான் என்று கேட்பார்களே.

உன் மனைவி வேறொன்றைச் சுமந்துகொண்டிருந்தா. ஊசி போட்டால் காய்ச்சல் வரும், ஹஜ்ஜுப் பெருநாள் முடியட்டும் என்று அவ ஒரு தரம் உன்னிடம் சொன்னாவாம். அதனால்தான் நீ போடவில்லை என்று நம்பி, என்னைக் காணும்போதெல்லாம் அழுவா. நான் “அல்லாஹ்ட நாட்டம் மதினி” என்று சொல்லிவிட்டு, அவ தரும் தேத்தண்ணியைக் குடித்துவிட்டு வருவேன். இத்தனை வருசமாய்.

இன்றைக்குச் சுவரைக் காட்டி, “என்ன கணக்கு நானா இது?” என்று கேட்டா. சொல்லிவிட்டேன். வரிசை, பகிடி, விசில், நூற்றொன்று, எல்லாம். சுண்ணாம்பு அடிக்கிறவன் தூரிகையைப் பிடித்தபடி நின்றான். மதினி பக்கத்திலிருந்த மூட்டையில் குந்திவிட்டா.

“அப்ப நான் சொன்னதால இல்லையா?”

“இல்ல மதினி.”

“உங்களுக்கு முன்னால எத்தின தரம் அழுதிருப்பன். பாத்துக்கிட்டுத்தானே இருந்தீங்க?”

அவ எழும்பி, சுண்ணாம்பு அடிப்பவனிடம், “அந்தத் துண்ட மட்டும் விட்டுட்டு அடிங்க” என்றா. பிறகு என் பக்கம் திரும்பாமலே, “புள்ளைகளுக்கும் நீங்களே வந்து சொல்லுங்க. நான் சொல்ல மாட்டன்” என்றா. இன்றைக்குத் தேத்தண்ணி தரவில்லை.

நீ இருந்திருந்தால் ஏதாவது பகிடி விட்டு என்னைத் தப்ப வைத்திருப்பாய். அன்றைக்கு வரிசையில் நீ சிரித்ததும் என் முகத்தைக் காப்பாற்றத்தான் என்று இப்போது விளங்குகிறது. அதற்காகவும் உன்மேல் கோபம்தான்டா. வெள்ளிக்கிழமை ஜும்ஆ முடிந்து வருகிறேன் என்று மதினியிடம் சொல்லியிருக்கிறேன். ஊருக்கு முன்னால் உனக்குச் சொன்ன அந்தச் சொல்லை உன் பிள்ளைகளுக்கு முன்னால், ஒரு கிலோவும் கழிக்காமல் சொல்ல வேண்டும்.