அது என் கால், டாக்டர்

பிப்ரவரி 6

மகள் அனுப்பிய வாட்ச் வந்தது. நடந்தால் எண்ணுமாம், எண்ணிக்கை அவளுடைய போனில் தெரியுமாம். எனக்கில்லை, அவருக்கு. ஊரெல்லாம் பஸ் ஓட்டிய மனுஷன், போன வாரம் மருந்துக்கடைத் திருப்பத்தில் வீடு எந்தப் பக்கம் என்று தெரியாமல் நின்றாரே, அதற்குத்தான். டாக்டர் சொன்னது: "தினமும் மூச்சு வாங்க நடக்கணும். மூளைக்கு நல்லா ரத்தம் போகும். மறதிய நிறுத்த முடியாட்டியும் வேகத்தக் குறைக்கலாம். நீங்களும் கூடப் போங்கம்மா."

நானுமா! தையல் மெஷின் முன்னால் உட்கார்ந்தே பருத்தவள் நான்.

பிப்ரவரி 11

மூன்று நாள் நடந்தோம். அவருக்கு முகச்சுளிப்பு, எனக்கு முட்டி வலி. எதிர்வீட்டு டீச்சர் வீட்டுக் கல்யாணத் துணியெல்லாம் தைக்காமல் கிடக்கிறது. (கல்யாணத்துக்குள் டீச்சர் இன்னும் இரண்டு அங்குலம் பருப்பாள், அது வேறு கதை.)

பிப்ரவரி 12

வாட்சை என் கணுக்காலில் கட்டிக்கொண்டு மெஷினை மிதித்தேன். ஆஹா, எண்ணுகிறது! ஒரு பாவாடை ஓரம் அடித்து முடிப்பதற்குள் அவர் ஊரையே சுற்றிவிட்டார். ஆளோ டிவி முன்னால் குறட்டை.

மார்ச் 3

மகள் போனில் குதிக்கிறாள். "அப்பா கலக்குறாரும்மா! ஆபீஸ்ல எல்லார்கிட்டயும் காட்டினேன்."

"ஆமாண்டி, நிறுத்தவே முடியல" என்றேன். நாக்கு கூசவில்லை. பிறகு சாப்பாடுதான் இறங்கவில்லை.

மார்ச் 19

டாக்டரிடம் போனோம். அவர் சொன்ன ஐந்து வார்த்தைகளில் இவர் ஒன்றைத்தான் திருப்பிச் சொன்னார். போன தடவை மூன்று. டாக்டர், மகள் அனுப்பிய கணக்கைப் பார்த்து நெற்றியைச் சுருக்கினார். "இவ்வளவு நடந்தும் இறங்குதுன்னா, நான் நினைச்சதவிட வேகமா போகுது. மாத்திரைய ஏத்திடுவோம்."

இவர் என் பக்கம் திரும்பினார். "அவ்வளவா நடந்தேன்? எனக்கு ஞாபகமே இல்லயேடி..."

அந்த முகம் — ஐயோ. நடந்ததையே மறந்துவிட்டோம் என்று பயந்துவிட்டார்.

"நீங்க நடக்கலங்க. நான் தைச்சேன். அது என் கால், டாக்டர்."

டாக்டர் பேனாவைக் கீழே வைத்தார். இவர்தான், "அப்ப மெஷினுக்குத்தான் ஞாபகசக்தி கூடியிருக்கும்" என்றார். சிரித்ததும் அவர் மட்டும்தான்.

மார்ச் 20

வாட்ச் எங்கே என்று ஒருநாள்கூட அவர் கேட்கவில்லை. மறந்துவிட்டார். அந்த மறதிதானே எனக்கு வசதியாக இருந்தது! சே. தப்பாக வெட்டின துணிக்காவது ஒட்டுப் போடலாம். இதற்கு?

மார்ச் 21

மகளிடமும் சொன்னேன். "ஏம்மா?" — அவ்வளவுதான், வைத்துவிட்டாள். சாயங்காலம் நடந்தோம். வாட்ச் அவர் கையில்.

ஜூன் 28

இந்தத் தடவை மூன்று வார்த்தை. "சந்தோஷப்படுங்க, ஆனா நடைய விட்டுடாதீங்க" என்றார் டாக்டர். நாங்கள் நடக்கிற போட்டோவை மகள் இன்னும் கேட்கிறாள், சாட்சிக்கு. கேட்கட்டும். வாங்கிக் கட்டிக்கொள்ள வேண்டியவள்தானே நான்.

திரும்பி வரும்போது டீச்சரின் மருமகனைப் பற்றிப் பேசிக்கொண்டே மருந்துக்கடையைத் தாண்டி நேரே போய்விட்டேன். அவர் கையைப் பிடித்து இழுத்தார்.

"ஏய், எங்க போற? வீடு இந்தப் பக்கம்."