போஞ்சிக்கு மருந்தடித்த வாரம்

மார்ச் 3, செவ்வாய்

காலையில் பனிமூட்டம், பிறகு நல்ல வெயில். பள்ளிக்கூடம் விட்டு வந்து பார்த்தால் தேன்பெட்டிக்குக் கீழே தேனீக்கள் செத்துக் கிடக்கின்றன. கையால் அள்ளலாம். எல்லாம் நாக்கை வெளியே நீட்டியபடி. மருந்துதான். பக்கத்து வீட்டுச் சகாயம் அண்ணன் (இனி ச.அ.) காலையிலேயே தன் தோட்டத்துப் போஞ்சிக் கொடிக்கு அடித்திருக்கிறார். பூவெல்லாம் விரிந்திருக்கிற நேரம்!

"அண்ணே, பொழுது சாஞ்சப்புறம் அடிங்க. ஈ எல்லாம் அப்ப உள்ள இருக்கும்."

"காலையில அடிச்சாத்தானே டீச்சர் நான் வேலைக்குப் போகலாம்? பூச்சிக்குத்தான் அடிச்சேன், ஈய நான் என்ன செஞ்சேன்?"

விறுவிறுவென்று வீட்டுக்கு வந்துவிட்டேன். நின்றிருந்தால் சண்டை.

மார்ச் 5, வியாழன்

பெட்டி காலி. மிச்சமிருந்தவையும் பறந்துவிட்டன. வெறும் மெழுகு வதை மட்டும்.

வாங்க: சீனி, சிவப்புப் பேனை, தீப்பெட்டி.

பூசணியில் பெண்பூ விரிந்து நிற்கிறது, ஒரு ஈயைக் காணோம். ஆண்பூவைப் பிய்த்து நானே தடவிவிட்டேன். எங்கள் பன்வில ஊர் முழுக்க இப்படித் தடவ யார் போவது? ச.அ. வீட்டுப் பாகல் காய்ப்பதும் இந்த ஈக்களால்தான். சொன்னால் சிரிப்பார்.

கண்டியிலிருந்து வேலை முடிந்து வந்த என் வீட்டுக்காரர்: "போனா போகுது, வேற கூட்டம் வரும்." அழுகை வந்தது. அவர் முன்னால் அழவில்லை.

மார்ச் 7, சனி

தவக்காலப் பாவசங்கீர்த்தனம், பாதரிடம் பாவங்களைச் சொல்லும் நாள். கோயில் வாசலில் கூட்டம், ஒருவரும் உள்ளே போகவில்லை. பாவசங்கீர்த்தனத் தொட்டிக்குள், அந்த மரக்கூண்டுக்குள், குளவியாம். தேயிலைக் கொழுந்து மலையில் குளவிக்கொட்டு வாங்கிய சனம், பயப்படாதா? கோயில் உபதேசியார் கையில் பந்தம், பக்கத்தில் மண்ணெண்ணெய்ப் போத்தல்.

"தள்ளிக்கங்க, கொளுத்திருவோம்!"

மரத்தொட்டிக்குள் நெருப்பு! எட்டிப் பார்த்தேன். பாதர் உட்காரும் கதிரைக்கு மேலே, மூலையில், கொத்தாக. குளவி இல்லை, தேனீ. என்னுடையவைதான். இல்லை என்று யார் சொல்ல?

"கொளுத்தாதீங்க! எங்க வீட்டு ஈ!" கோயில் என்றும் பாராமல் கத்திவிட்டேன்.

பாதர் சிரித்துவிட்டார். "சரி டீச்சர், பொழுது சாஞ்சதும் கூட்டிட்டுப் போங்க. நாங்க வெளிய இருக்கோம்."

பலாமரத்தடியில் பாதருக்குக் கதிரை, அங்கேயே பாவசங்கீர்த்தனம். யார் எவ்வளவு நேரம் முழங்காலில் என்பது ஊருக்கே தெரிந்துபோயிற்று. நான் சட்டென்று முடித்தேன். ச.அ. நெடுநேரம்.

அந்தியில் பெட்டியோடு போனேன். தேங்காய்மட்டைப் புகை, லேசாக. ராணியைக் கண்டதும்தான் மூச்சே வந்தது. அவளைப் பெட்டிக்குள் விட்டதும் மற்றவை தாமாகவே பின்னால். டோர்ச் பிடித்தது ச.அ. கூப்பிடாமலே வந்தார். கழுத்தில் ஒரு கொட்டு, சத்தமே போடவில்லை. பாதர் அவரிடம் என்ன சொன்னாரோ. கேட்கக்கூடாது. ஆனாலும் ஆசை.

மார்ச் 10, செவ்வாய்

முதுகுவலி. பரீட்சைத் தாள் திருத்தவில்லை. பரவாயில்லை. ஈக்கள் காலில் மஞ்சள் மகரந்தம் ஒட்டிக்கொண்டு உள்ளே போகின்றன. ராணி முட்டையிடுகிறாள் போல. அப்படியென்றால் கூட்டம் இனி ஓடாது. அப்பாடா! இன்றுதான் சோறு ருசித்தது.

மார்ச் 12, வியாழன்

மழை இல்லை. வெளிச்சம் மங்கும் நேரம். வேலியோரம் ச.அ., முதுகில் மருந்துத் தாங்கி.

"டீச்சர், எல்லாரும் உள்ளுக்குப் போயிட்டாங்களா? அடிக்கவா?"

போய்ப் பார்த்தேன்.

"கொஞ்சம் பொறுங்க அண்ணே, ஒண்ணு ரெண்டு இன்னும் வருது."

தாங்கியை இறக்கி வைத்துவிட்டுக் கல்லில் உட்கார்ந்தார்.